அயலவர் மொழியின் இலக்கணம்



ஒரு மொழியைக் கேட்பது வேறு. அதனைக் கற்பது வேறு. நாள்தோறும் காதில் விழும் மொழி தானாகவே நாவிலும் வந்து அமர்ந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். கொழும்பு நகரின் அனுபவம் அவ்வெண்ணத்துக்கு மாறானது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் குடியிருந்த தமிழர் பலர், சந்தையிலே மீனுக்கு விலை பேசவும் பஸ்ஸிலே இறங்குமிடத்தைச் சொல்லவும் போதிய சிங்களம் அறிவர். ஆனால் ஒரு விண்ணப்பத்தைச் சிங்களத்தில் எழுத வேண்டி வந்தால், அல்லது வைத்தியர் எழுதிக் கொடுத்த குறிப்பை வாசிக்க வேண்டி வந்தால், அவர்கள் பக்கத்து வீட்டாரைத் தேடுவர். காதால் வந்த மொழி காதோடு நின்றுவிட்டது என்பதே அதன் பொருள். அதனைக் கையாளும் மொழியாக ஆக்குவதற்கு இடையிலே ஒன்று தேவைப்படுகிறது. அதற்குத்தான் இலக்கணம் என்று பெயர்.

அயலவர் மொழியின் இலக்கணம் மிகக் கடினமானது என்பது பலருடைய அச்சம். அந்த அச்சத்தைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நன்று. தமிழருக்குச் சிங்கள இலக்கணத்தில் உண்மையாகவே கடினமானவை எவை, வீணாக அஞ்சப்படுபவை எவை என்று பிரித்து அறிந்தால், பாரத்தின் பெரும்பகுதி குறைந்துவிடும்.

இந்த ஆராய்ச்சியைத் தொடங்குவதற்குப் புத்தகமும் வேண்டியதில்லை. ஊர்ப் பெயர்ப் பலகைகளே போதும். வெள்ளவத்தை என்ற பெயரைக் கேட்ட தமிழர் வெள்ளத்தையோ வெண்மையையோ நினைப்பது இயல்பு. சிங்களத்தில் அவ்வூர்ப் பெயரின் முற்பகுதி மணலைக் குறிப்பது. பிற்பகுதி தோட்டத்தைக் குறிப்பது. கடலோரத்து மணல் தோட்டம் என்பதே பொருள். மணலைக் குறிக்கும் அச்சொல்லின் முதல் உயிர் அகரமும் அன்று, எகரமும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது. பாங்க் என்னும் ஆங்கிலச் சொல்லை ஆங்கிலேயர் சொல்லும்போது பகர மெய்யை அடுத்து வரும் ஓசையே அது. தமிழில் அவ்வோசைக்குத் தனி எழுத்து இல்லாமையால், தமிழர் அதனை எகரமாக்கி வழங்கினர். சிங்களப் பெயர்களின் இறுதியில் நிற்கும் அகரத்தைத் தமிழ் ஐகாரமாக்கிக்கொள்ளும். ஆகவே வத்த என்பது வத்தை ஆயிற்று. தெஹிவல என்பது தெஹிவளை ஆனதும் இவ்வாறே.

கொட்டாஞ்சேனையின் இறுதிப் பகுதியைப் பாருங்கள். காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் நிலத்தைத் தமிழர் சேனை என்பர். சிங்களவர் ஹேன என்பர். பழைய சகரம் பல இடங்களில் ஹகரமாகத் திரிதல் சிங்களத்தின் இயல்புகளுள் ஒன்று. இவ்விரண்டு ஊர்ப் பெயர்களிலும் சிங்கள ஒலியியலின் இரண்டு விதிகள் அடங்கியிருக்கின்றன. இவ்விதிகளை அறியாமலே தமிழர் நாள்தோறும் பயன்படுத்தி வருகின்றனர்.

இனி, மொழியின் பெயர் ஒன்று, அதன் இலக்கணம் மற்றொன்று என்பதைத் தெளிவாகக் காண்பதற்கு உலகப் படத்தில் சற்றுத் தொலைவு சென்று வருவோம். ஐரோப்பாவின் தென்கிழக்கே சேர்பியா, மொந்தெனேக்ரோ என்னும் இரண்டு நாடுகள் உள்ளன. இரண்டும் முன்னர் யூகோஸ்லாவியா என்னும் பெருநாட்டின் பகுதிகளாக இருந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வூக் கராஜிச் என்பவர் அம்மக்களின் பேச்சுமொழிக்கு 1814ஆம் ஆண்டில் ஓர் இலக்கணமும், 1818ஆம் ஆண்டில் ஓர் அகராதியும் வெளியிட்டார். பேசுவது போலவே எழுதுக என்பது அவர் கொள்கை. ஓர் ஒலிக்கு ஓர் எழுத்தாக 30 எழுத்துகள் அம்மொழிக்கு அமைந்தன. மொந்தெனேக்ரோ 2006ஆம் ஆண்டில் தனி நாடாயிற்று. அடுத்த ஆண்டில் அதன் அரசியலமைப்பு, மொந்தெனேக்ரோ மொழி என்ற பெயரையே அரச கரும மொழிக்கு வழங்கிற்று. 2009ஆம் ஆண்டில் இரண்டு எழுத்துகள் கூடி எழுத்துகளின் தொகை 32 ஆயிற்று. 2010ஆம் ஆண்டில் தனி இலக்கண நூலும் வந்தது.

ஆயினும் வெளிநாட்டு மாணாக்கர் ஒருவர் சேர்பியாவின் தலைநகரான பெல்கிரேட்டிலே அம்மொழியைக் கற்றுக்கொண்டு மொந்தெனேக்ரோவின் தலைநகருக்குச் சென்றால் அவருக்கு எவ்விதத் தடுமாற்றமும் நேராது. அங்கே பாலை ம்லெக்கோ என்றவர், இங்கே ம்லியெக்கோ என்று கேட்பார், அவ்வளவே. ஏழு வேற்றுமைகளும் அவையே; ஒரு செயல் முடிந்ததா, முடியாமல் நிகழ்கின்றதா என்று வினைச்சொல்லை இரண்டாகப் பகுக்கும் முறையும் அதுவே. வேற்றுமை எட்டு என்று பள்ளியிலே மனனம் செய்த தமிழ் மாணாக்கருக்கு அந்த ஏழு வேற்றுமைகள் புதுமையாகத் தோன்றமாட்டா. வினையின் அப்பாகுபாடே அவருக்குச் சிறிது உழைப்பைத் தரும். அந்நாடுகளிலே ஏறத்தாழ ஒரே இலக்கணத்துக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன.

இலங்கையின் நிலை இதற்கு நேர்மாறானது. தமிழ் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிங்களம் வட இந்திய மொழிகளோடு உறவுடைய ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்ச்சொற்களும் எழுத்துகளும் வேறு. ஆயினும் நூற்றாண்டுகள் பல ஒரே தீவில் அருகருகே வழங்கியமையால், வாக்கியத்தை அடுக்கும் முறையில் இரண்டும் வியக்கத்தக்கவாறு ஒன்றுபட்டு நிற்கின்றன. இந்த ஒற்றுமைதான் தமிழ் மாணாக்கரின் முதல் முதலீடு.

ஓர் எடுத்துக்காட்டு: மம கெதர கிஹின், நாலா, காலா, நிதாகத்தா. இதன் பொருள், நான் வீட்டுக்குப் போய், குளித்து, உண்டு, உறங்கினேன் என்பது. சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள். மம என்பது நான். கெதர, வீடு. கிஹின், போய். நாலா, குளித்து. காலா, உண்டு. நிதாகத்தா, உறங்கினேன். ஒரு சொல்லும் இடம் மாறவில்லை. தமிழில் வினையெச்சங்களை அடுக்கி, இறுதியில் ஒரு முற்றுவினையால் முடிப்பதுபோலவே சிங்களமும் முடிக்கின்றது. இதே கருத்தை ஆங்கிலத்தில் சொல்லப் புகுந்தால் வாக்கியத்தின் கட்டு முழுவதும் மாறவேண்டியிருக்கும்.

பெயரெச்சமும் அப்படியே. நான் எழுதிய கடிதம் என்பதைச் சிங்களவர் மம லியபு லியும என்பர். வினை முன்னே வர, பெயர் பின்னே வருகின்றது. வினாவுக்கும் இதே ஒற்றுமை உண்டு. வருகிறார் என்பதோடு ஆகாரம் சேர்ந்தால் வருகிறாரா என்று வினாவாகும். சிங்களத்திலே எனவா என்பதோடு த என்னும் இடைச்சொல்லைச் சேர்த்தால் எனவாத என்று வினாவாகும்.

இன்னும் நுட்பமான ஒற்றுமை ஒன்று உண்டு. அவர் நாளை வருகிறார் என்று சொன்னார் என்னும் வாக்கியத்தில் என்று என்பது யாது? என் என்னும் வினையடியிலிருந்து பிறந்த எச்சம் அது. சொல்லி என்பதே அதன் அடிப்பொருள். சிங்களவர் இதனை எயா ஹெட்ட எனவா கியலா கிவ்வா என்பர். இங்கே கியலா என்பதன் அடிப்பொருளும் சொல்லி என்பதே. பிறர் கூற்றை எடுத்துச் சொல்ல இரண்டு மொழிகளும் ஒரே உபாயத்தையே கையாளுகின்றன.

எனக்குப் பசிக்கிறது, எனக்கு விளங்குகிறது என்று தமிழர் நான்காம் வேற்றுமையை முன்வைத்துப் பேசுவர். சிங்களவரும் மட்ட படகினியி என்றும், மட்ட தேரெனவா என்றும் கூறுவர். மட்ட என்பது எனக்கு. படகினி என்பது வயிற்றுத்தீ. பசித்தீ என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இச்சொல்லை மனத்தில் இருத்துவது எளிது. வைத்தியசாலையில், எங்கே நோகிறது என்பதை கொஹேத ரிதென்னே என்று கேட்பர். எங்கே நோவது என்பது அதன் நேர்ப்பொருள். எங்கே, யார், எது என்னும் வினாச்சொல் வரும்போது வினைமுற்று இவ்வாறு நோவது, போவது என்பன போன்ற வடிவம் பெறும். யார் வந்தது, போவது எங்கே என்று பேச்சிலே வழங்கும் தமிழருக்கு இதுவும் அறிந்த வழியே.

இனிக் கடினமானவற்றுக்கு வருவோம். அவை உண்டு, ஆனால் எண்ணிச் சொல்லக்கூடிய அளவிலேயே உண்டு.

முதலாவது ஒலி. தமிழிலே க, ச, ட, த, ப என்னும் எழுத்துகள் இடத்துக்கு ஏற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். சொல்லின் முதலிலே நின்றால் வன்மை. இரண்டு உயிர்களின் நடுவே தனித்து நின்றால் மென்மை. சிங்களத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு எழுத்துகள், பொருளையும் வேறாக்குவன. கல் என்று தமிழில் எழுதினால் ஒரே சொல். சிங்களத்தில் முதல் எழுத்து வன்மையாயின் காலம் என்று பொருள். அதுவே மென்மையாயின் கற்கள் என்று பொருள். மட்ட என்று மேலே எழுதியதும் உண்மையில் ஒற்று இரட்டியாத சொல். தமிழ் எழுத்தில் டகரத்தைத் தனியே எழுதினால் மென்மையாக வாசிக்கப்படும் என்பதற்காகவே இரட்டித்து எழுத நேர்கின்றது. தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டு சிங்களம் கற்பது இவ்வாறு ஒவ்வோர் அடியிலும் ஏமாற்றும். ஆகையால் சிங்கள எழுத்தை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

மூக்கொலியும் அவ்வாறே. கந்த என்பதில் நகர மெய் முழுமையாக ஒலித்தால் மலை என்று பொருள். அந்த மெய் அரையளவே ஒலித்து விரைந்து மறைந்தால் மரத்தின் அடிமரம் என்று பொருள். அந்த அரை மெய்க்குச் சிங்களத்தில் தனி எழுத்து வடிவங்கள் உள்ளன, தமிழில் இல்லை.

இந்த ஒலி வேறுபாட்டை வெறும் பள்ளிக்கூட நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1983ஆம் ஆண்டின் வன்செயல் நாட்களிலே கொழும்பு வீதிகளில் வழிமறித்த கூட்டத்தார், எதிர்ப்பட்டவர் தமிழரோ என்று அறிவதற்கு, வாளியைக் குறிக்கும் பால்திய என்ற சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள் என்று அக்காலத்தை நினைவுகூர்ந்தோர் பலர் கூறியுள்ளனர். அச்சொல்லின் முதல் எழுத்து மென்மையான பகரம். சொல்லின் முதலில் அவ்வொலி வராத தமிழ்ப் பேச்சிலே பழகிய நா அங்கே தடுமாறிவிடும். ஓர் எழுத்தின் மென்மையிலே ஓர் உயிர் தொங்கி நின்ற நாட்கள் அவை. மொழிப்பயிற்சி ஒருவருடைய உயிருக்குக் காவலாக வேண்டிய நிலை எந்த நாட்டுக்கும் பெருமை தருவதன்று. அந்நாட்களை அறிந்த குடும்பங்கள் சிங்கள வகுப்பை வெறுப்போடு நோக்கினால் அதிலே வியப்பும் இல்லை. அந்த வெறுப்பு நியாயமானது என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே இலக்கண நூலைத் திறப்பது முறை.

இரண்டாவது கடினம், திணை. தமிழ் உலகத்தை உயர்திணை, அஃறிணை என்று பகுக்கும். மக்கள் ஒரு பக்கம், விலங்கும் மரமும் கல்லும் மறுபக்கம். சிங்களமோ உயிருள்ளவை, உயிரற்றவை என்று பகுக்கின்றது. மேசையிலே புத்தகம் இருக்கிறது என்னும்போது தியெனவா என்பர். முற்றத்திலே நாய் இருக்கிறது என்னும்போது இன்னவா என்பர். தமிழருக்கு நாயும் புத்தகமும் ஒரே திணை; ஆதலால் நாய்க்கும் தியெனவா என்று சொல்லிவிடுவர். கேட்பவர் புன்னகை செய்வார். இப்பிழை சிறியது; ஆனால் அதன் காரணத்தை ஒருமுறை அறிந்துகொண்டால் மறுமுறை நேராது. எண்ணும் முறையிலும் இப்பாகுபாடு தொடர்கின்றது. புத்தகம் மூன்று என்பது பொத் துனக். பிள்ளைகள் மூவர் என்பது லமயி துன்தெனெக். மூன்று, மூவர் என்ற வேறுபாடு தமிழிலும் உண்டு அல்லவா?

மூன்றாவது, பன்மை. தமிழிலே பன்மைக்குக் கள் விகுதியைச் சேர்ப்போம். சிங்களத்திலே உயிரற்ற பொருள்கள் பலவற்றுக்கு இறுதியைக் குறைத்தாற் பன்மை கிடைக்கும். மல என்பது பூ; மல் என்பது பூக்கள். பொத்த என்பது புத்தகம். பொத் என்பது புத்தகங்கள். ஒன்றாயின் சொல் நீளும், பலவாயின் குறுகும் என்பது தமிழ் மனத்துக்குத் தலைகீழாகத் தோன்றும். ஒரு புத்தகம் என்பதற்கும் எண் முன்னே வருவதில்லை. சொல்லின் இறுதியிலே ஒட்டு ஒன்று சேர்ந்து பொத்தக் என்றாகும். ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களுக்கு எக்க என்பதைச் சேர்த்து பஸ் எக்க, கார் எக்க என்பர். பன்மையில் அந்த எக்க உதிர்ந்து பஸ், கார் என்று நிற்கும். காலி வீதியிலே பஸ்ஸுக்குக் காத்து நிற்போர் நாள்தோறும் கேட்கும் இலக்கண பாடம் இது.

நான்காவது, விருப்பத்தோடு செய்வதற்கும் விருப்பமின்றி நேர்வதற்கும் வினைச்சொல்லே வேறுபடுதல். கோப்பையை உடைத்தேன், கோப்பை உடைந்தது என்று தமிழும் வேறுபடுத்தும். சிங்களம் இவ்வேறுபாட்டை மிகப் பரவலாகக் கையாளும். கைதவறிக் கோப்பை உடைந்தால் மகே அதின் கோப்பய பிந்துணா என்பர். என் கையாலே கோப்பை உடைந்தது; ஆனால் நான் உடைக்கவில்லை என்பது கருத்து. அழுகை, சிரிப்பு, தவறி வந்த சொல் ஆகியவற்றுக்கும் இத்தகைய வினை வடிவங்கள் உண்டு. வேண்டுமென்றே செய்தேன் என்று தோன்றும் வடிவத்தைத் தவறுதலாகப் பயன்படுத்துவதால் நட்பிலே மனத்தாங்கலும் வந்துவிடக்கூடும்.

ஐந்தாவதும் மிகப் பெரியதுமான கடினம், சிங்களத்துக்கு இரண்டு இலக்கணங்கள் இருப்பது. பேச்சிலே வினைக்கு விகுதி மாற்றமே இல்லை. மம யனவா, அபி யனவா, எயா யனவா. நான் போகிறேன், நாங்கள் போகிறோம், அவர் போகிறார் என்னும் மூன்றுக்கும் யனவா என்ற ஒரே வடிவம். இதைக் கேட்ட தமிழர், இம்மொழி எவ்வளவு எளிது என்று மகிழ்வர். ஆனால் எழுத்து வழக்குக்குச் சென்றவுடன் விகுதிகள் அனைத்தும் எழுந்து நிற்கும். மம யமி, அபி யமு, ஒஹு யயி, ஒவ்ஹு யதி. இறந்தகாலத்திலே போனேன் என்பது கியெமி. போனோம் என்பது கியெமு. போனான், போனாள், போனார்கள் என்பவை முறையே கியேய, கியாய, கியஹ. வானொலியிலே சிங்களச் செய்தி வாசிப்போரின் நடை இதுவே. வீதியிலே சிங்களம் பேசும் ஒருவருக்கு அரசாங்கக் கடிதம் விளங்காமைக்கு முதற் காரணமும் இதுவே. அவர் கற்றது பாதி இலக்கணம்.

தமிழர் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்ற வாழ்க்கை அவர்களுக்குப் பழக்கமானதே. மேலும் எழுத்துச் சிங்களத்தின் விகுதிகள் தமிழ் வினைமுற்றின் ஒழுங்கைப் போன்றவை. தன்மை, படர்க்கை, ஆண்பால், பெண்பால் என்று தமிழர் அறிந்த பெட்டிகளிலேயே அவற்றை இட்டு வைக்கலாம்.

கடினங்களோடு சிறு பொறிகளும் உண்டு. ஐயா என்பது தமிழிலே பெரியவரை விளிக்கும் மரியாதைச் சொல். சிங்களத்திலே அது தமையன். வரென் என்று கேட்டால் தமிழர் யாரோ வருவதாகச் சொல்கிறார் என்று எண்ணக்கூடும். அது வா என்னும் ஏவல், அதுவும் மரியாதை குறைந்த ஏவல். நீ, நீர், நீங்கள் என்று தமிழிலே படிகள் இருப்பதுபோலச் சிங்களத்திலும் முன்னிலைப் பெயர்களுக்குப் பல படிகள் உள்ளன. அவற்றுள் எது எவருக்கு உரியது என்பதை நூலிலே கற்பது அரிது. பழகிய சிங்களக் குடும்பத்தாரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். மறுபக்கம், உதவும் சொற்களும் பல. கடே என்பது கடை. இலக்கம என்பது இலக்கம். சல்லி என்பது காசு. அம்மா, அக்கா என்பவற்றுக்கு விளக்கமே வேண்டா.

இரண்டு மொழிகளின் இலக்கணங்களும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தவை அல்ல. சிங்களத்தின் பழைய இலக்கண நூல் சிதத் சங்கராவ. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. வேற்றுமை ஒன்பது என்று அது வகுக்கும். வடமொழி, பாளி இலக்கண மரபுகளோடு, தமிழ் வீரசோழியத்தின் சாயலும் அந்நூலிலே உண்டு என்று அறிஞர் காட்டியுள்ளனர். வீரசோழியம், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்திலே புத்தமித்திரர் என்னும் பௌத்தர் இயற்றியது. தமிழ்ப் பௌத்தர் ஒருவரின் நூல் சிங்களப் பௌத்தரின் இலக்கணத்துக்குத் துணைநின்றது. 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்திலே புகழ்பெற்று விளங்கிய தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் ஆறு மொழிகளின் தலைவர் என்று போற்றப்பட்டார். அவற்றுள் தமிழும் ஒன்று. அதே காலத்துச் சிங்கள நிகண்டான நாமாவலியவின் ஆசிரியர் நல்லூருத்துன் என்னும் அமைச்சர் என்பர். அப்பெயர் ஒரு தமிழ்ப் பெயரின் திரிபு என்று ஆராய்ச்சியாளர் கருதுவர்.

பின்னர் வந்த ஒல்லாந்தரும் இம்மொழிகளின் இலக்கணத்தைத் தேடினர். யாழ்ப்பாணத்திலே பணிபுரிந்த பால்தேயு பாதிரியார் 1672ஆம் ஆண்டில் அம்ஸ்டர்டாமிலே வெளியிட்ட தமது நூலில் தமிழ் இலக்கணக் குறிப்பொன்றைச் சேர்த்தார். கொழும்பிலே இருந்த ரூவெல் பாதிரியாரின் சிங்கள இலக்கணம் 1708ஆம் ஆண்டில் அதே நகரிலே அச்சாயிற்று. கொட்டாஞ்சேனையை அடுத்த மேட்டிலே இன்றும் நிற்கும் வுல்வெண்டால் தேவாலயம் அவ்வொல்லாந்தர் காலத்தது. 1757ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. கடல் கடந்து வந்தவர்கள் இரண்டு மொழிகளையும் கற்று இலக்கணம் எழுதினர். அடுத்த வீட்டார் இருவர் ஒருவர் மொழியை மற்றவர் கற்பதிலே பிந்திவிட்டனர்.

பிந்தியமைக்கு ஒரு காரணம் 20ஆம் நூற்றாண்டின் சட்டப் புத்தகத்திலே உள்ளது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிற்று. அதன் பின்னர்த் தமிழ் உத்தியோகத்தருக்குச் சிங்கள இலக்கணம் பரீட்சை ஆயிற்று. சம்பள உயர்வுக்கு நிபந்தனை ஆயிற்று. எழுதுவினைஞரான கோடீஸ்வரன் என்பவர் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962ஆம் ஆண்டில் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964ஆம் ஆண்டில் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசாங்கத்தின்மேல் வழக்கிட முடியாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றிற்று. 1969ஆம் ஆண்டில் இலண்டனிலே கோமறைக் கழகம் அவ்வாறு வழக்கிட முடியும் என்று தீர்த்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூல வினாவுக்கு மட்டும் இறுதிவரை விடை கிடைக்கவில்லை.

அந்தத் தலைமுறையிலே வேலையை விட்டு விலகியோர் உண்டு. வெளிநாடு சென்றோர் உண்டு. அலுவலகம் முடிந்தபின் மாலைவேளையில், பிள்ளைகளுக்கு உரிய பாலபாடத்தை நடுவயதிலே கையிலெடுத்தோரும் உண்டு. அவர்கள் கற்ற இலக்கணத்தில் பிழை ஒன்றும் இல்லை. அதனைக் கற்பித்த கட்டாயத்திலேதான் பிழை இருந்தது. தண்டனையாக வைக்கப்பட்ட நூலை மனிதர் பரீட்சை முடிந்தவுடன் மூடிவிடுவர். மீண்டும் திறப்பதில்லை.

பின்னர் நிலைமை மாறிற்று. 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் என்று கூறிற்று. 2007ஆம் ஆண்டில் வெளியான அரசாங்கச் சுற்றறிக்கையொன்று, புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர் குறித்த காலத்துக்குள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று விதித்தது. இம்முறை விதி இரு பக்கத்துக்கும் உரியது. தமிழர் சிங்களம் கற்கும் அதே வேளையில், சிங்கள உத்தியோகத்தரும் தமிழ் இலக்கணத்தின் முன்னே அமர்ந்தனர்.

அவர்கள் படும் பாட்டையும் எண்ணிப் பார்த்தல் தகும். யனவா என்ற ஒரு சொல்லாலே உலகம் முழுவதையும் போகச் செய்த ஒருவர், போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது, போகின்றன என்று ஏழு வாசல்களையும் கடந்துவர வேண்டும். ஒரே ககரம் ஓரிடத்தில் வன்மையாகவும் வேறோரிடத்தில் மென்மையாகவும் ஏன் ஒலிக்கிறது என்று அவர் கேட்பார். லகரமும் ளகரமும் அவர் பேச்சிலே ஒன்றாகிவிட்டவை; ழகரமோ அவர் கேட்டறியாதது. அவர் தமிழிலே தடுமாறும்போது நகைப்பது எளிது. அதே இடத்தில் மறுபக்கத்திலிருந்து தாமும் தடுமாறுகிறோம் என்பதை அறிந்தவர் நகைக்கமாட்டார், திருத்தித் தருவார்.

ஆகவே கற்க விரும்புவோர்க்குச் சுருக்கமாகச் சில சொல்லலாம். முதலில் எழுத்து; தமிழ் எழுத்தைத் துணைக்கொள்வதை விரைவில் விட்டுவிடுதல் நல்லது. அடுத்து ஒலி, வன்மை மென்மை வேறுபாட்டைச் சிங்களவர் ஒருவர் சொல்லக் கேட்டு, இரட்டைச் சொற்களாக வைத்துப் பயிலல் வேண்டும். மூன்றாவதாக வாக்கியம், இங்கே தமிழையே நம்பிச் சொல்லுக்குச் சொல் வைத்துச் செல்லலாம். நான்காவதாகத் திணையும் பன்மையும். பேச்சு நன்கு படிந்தபின் எழுத்து வழக்கின் விகுதிகளைத் தொடங்குக. இரண்டையும் ஒரே நாளில் தொடங்குவோர் இரண்டையும் கலந்து, எவரும் பேசாத ஒரு மொழியைப் பேசுவர். நாள்தோறும் சிங்களச் செய்தியை வானொலியிலே கேட்டு, ஐந்து வினைமுற்றுகளை எழுதி வருவதும் பயன் தரும்.

இலக்கணம் அறிந்ததனால் பழைய காயங்கள் ஆறிவிடும் என்று சொல்வதற்கில்லை. அவற்றை ஆற்றும் கடமை சட்டத்துக்கும் நீதிக்கும் உரியது. இலக்கணம் செய்யக்கூடியது அதனினும் சிறிய காரியம். வைத்தியசாலையிலே எங்கே நோகிறது என்று கேட்கும் வினா விளங்கும். பொலிஸ் நிலையத்திலே கையொப்பம் இடுமுன் எழுதியிருப்பதை வாசிக்க முடியும். அயல் வீட்டுத் துயரத்திலே இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்ல முடியும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோருக்கு இச்சிறிய காரியங்கள் சிறியவை அல்ல. கட்டாயத்தால் கைவிட்ட நூலை விருப்பத்தால் மீண்டும் எடுத்துப் பார்ப்போர், அதிலே பாதிப் பக்கங்கள் தமக்கு முன்னமே தெரிந்தவை என்பதைக் கண்டு வியப்பர்.